உங்க முடிவுதான்

பல் டாக்டருக்கு மேல்மாடியில் உட்கார்ந்து தியானம் சொல்லிக் கொடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கீழே யாருக்காவது பல்லைக் குடைய ஆரம்பித்தால் போதும், அந்தச் சத்தம் தரை வழியாக ஏறிவந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்களின் கடைவாய்ப் பல்லில் நிற்கும். "அந்தச் சத்தத்தோட சண்டை போடாதீங்க. வருது, இருக்கு, போகுது. அவ்வளவுதான்" என்று அவள் சொல்லுவாள். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் வைத்த மாதிரி ஒரு குரல். கேட்பவர்கள் தாடை தளர்ந்து, தோள் இறங்கி உட்கார்ந்துவிடுவார்கள். சொல்கிறவளின் தாடை மட்டும் காலையிலிருந்து சாயந்திரம் வரை இறுகியே இருக்கும்.

அவள் மனநல ஆலோசகர். டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் வருகிறவர்களில் பாதிப் பேர் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண் நேரில் மேடம் என்பாள், முதுகுக்குப் பின்னால் மூச்சு டீச்சர் என்பாள். யார் வந்தாலும் முதல் வேலையாக "மூச்சைக் கவனிங்க" என்று சொன்னால் பிறகு என்ன பெயர்தான் வைப்பார்கள்? அவளுக்கு அது தெரியும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு உடம்பில் தெம்பில்லை.

அவள் மேஜையில் உலர்ந்த திராட்சை டப்பா ஒன்று இருக்கும். அது ஒரு பயிற்சிக்கு. திராட்சை ஒன்றைக் கையில் கொடுத்து, முதலில் பாருங்கள், தொடுங்கள், முகருங்கள், பிறகு மெதுவாக மென்று, இந்த ஒரு திராட்சையோடு மட்டும் இருங்கள் என்பாள். அழுதுகொண்டே வந்தவர்கள்கூட அந்த ஒரு பழத்தோடு சாந்தமாகிப் போவதைப் பார்த்திருக்கிறாள். மத்தியானம் சாப்பிட நேரம் கிடைக்காத நாட்களில் அதே டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டு, பார்க்காமல், முகராமல், மெல்லாமல்கூட விழுங்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். அப்படிப்பட்ட நாட்கள்தான் இப்போது அதிகம்.

மாமியாரை வெறுப்பவள், வேலை போனதை வீட்டில் சொல்லாதவன், பிள்ளை பேசவில்லை என்று ஏங்குகிற தகப்பன். ஒவ்வொருவரும் இறக்கி வைத்துவிட்டு லேசாகப் படியிறங்கிப் போவார்கள். இறக்கி வைத்ததெல்லாம் எங்கே போகிறது என்று யாராவது கேட்டதுண்டா? எல்லாம் அவள் தலையில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கணவர் வந்து எதிரே நின்றார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். எந்தச் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் இருக்கும் கறுப்புக் கோடு போகாது. அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. பேசியே ஆக வேண்டும் என்று வந்தால் தொண்டையைச் செருமிவிட்டு, சம்பந்தமில்லாமல் எதையாவது கையில் எடுத்துக்கொள்வார். அன்று ஒரு தலையணை உறையை எடுத்துக்கொண்டார்.

"கம்பெனி புதுசா ஒரு கிளை திறக்குது. நாட்டோட அந்தக் கோடியில. ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஆள் வேணுமாம். என் பேரு போயிருக்கு."

"அந்தக் கோடின்னா, எவ்வளவு தூரம்?"

"ரயில்ல ஏறினா மறுநாள்தான் இறங்கணும். நினைச்சா வந்துட்டுப் போற இடம் இல்லை. சரியா இல்லையான்னு வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள சொல்லணும்."

மகள் படிக்கப் போய் விடுதியில் சேர்ந்ததிலிருந்து அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவர் போனால் மிச்சம் யார் என்று கணக்குப் போட ஆள் வேண்டியதில்லை. வேறு எந்தப் பெண்சாதியாக இருந்தாலும் கையிலிருந்த துணியை விசிறி எறிந்து, என்ன விளையாடறீங்களா என்று கேட்டிருப்பாள். இவள் என்ன செய்தாள் தெரியுமா? மடித்துக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் வைத்தாள். உடம்பை முழுதாக அவர் பக்கம் திருப்பினாள். தலையை லேசாகச் சாய்த்தாள்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"நான் உன்னைக் கேட்கிறேன்."

"புரியுது. ஆனா இது உங்க வேலை, உங்க வாழ்க்கை. நான் ஒண்ணு சொல்லி அது உங்க மனசை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இழுத்துடக் கூடாது இல்லையா? உங்க முடிவுதான். நீங்க எதை எடுத்தாலும் நான் கூட இருக்கேன்."

அவர் தலையணை உறையை நாலாக மடித்து, குவியலின் மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவளுக்கோ அந்தப் பதிலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. உள்ளே பதறியதை வெளியே காட்டாமல் எவ்வளவு பக்குவமாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். என்ன பக்குவமோ!

அவளையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அவள் அறைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் யாரோ ஒருவருடைய கண்ணீரால் கட்டிப்போடப்பட்டவர்கள். நீ போனால் நான் செத்துவிடுவேன் என்று அம்மா சொன்னதால் நல்ல வேலையை விட்டவன் வருவான். அப்பா முகம் வாடுமே என்று பிடிக்காதவனைக் கட்டிக்கொண்டவள் வருவாள். அதையெல்லாம் கேட்டுக் கேட்டு, தான் மட்டும் யார் காலிலும் கயிறாகச் சுற்றிக்கொள்ளக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள்.

ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. அவள் களைத்துப்போயிருந்தாள். ஒருவரைப் போகாதே என்று சொல்வதற்குத் தெம்பு வேண்டும். சொன்னால் அவர் ஏன் என்பார். இவள் காரணம் சொல்ல வேண்டும். பழைய கதையெல்லாம் கிளம்பும். யாராவது அழ வேண்டியிருக்கும், யாராவது சமாதானம் செய்ய வேண்டியிருக்கும். நாள் பூராவும் அந்த வேலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தும் அதையே பார்க்க யாரால் முடியும்? உங்க முடிவுதான் என்று சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்தது, போய்ப் படுக்கலாம்.

திங்கட்கிழமை சாப்பிடும்போது அவர், "அங்க ரொம்பக் குளிருமாம்" என்றார்.

"குளிர் உங்களுக்குக் கவலையா இருக்கா?"

"இல்லை, சும்மா சொன்னேன்."

செவ்வாய்க்கிழமை, "அந்தப் பெரிய பெட்டி எங்க இருக்கு?" என்று கேட்டார். அவள் ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினாள். ஈரத்துணியால் துடைத்தாள். ஜிப்பை இழுத்துப் பார்த்தாள், சக்கரம் உருளுகிறதா என்று பார்த்தாள்.

"அவசரம் ஒண்ணுமில்லை. நான் இன்னும் எதுவும் சொல்லலை" என்றார் அவர்.

"தெரியும். எதுக்கும் ரெடியா இருக்கட்டுமேன்னுதான்."

அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்றதையெல்லாம் விட்டுவிடலாம், அந்தப் பெட்டியைத் துடைத்து வைத்தாளே, அதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பளபளவென்று சுவரோரமாக நிறுத்தி வேறு வைத்தாள்.

புதன்கிழமை அவர் கொஞ்சம் நேராகவே வந்தார். "தனியா இருக்க உனக்குப் பயமா இருக்காது?"

"பயம் வந்தா கவனிப்பேன். அதுவும் வந்துட்டுப் போற ஒண்ணுதானே."

"ஓ" என்றார். அந்த ஓவுக்குப் பிறகு டிவியைப் போட்டுக்கொண்டார்.

அன்று மகள் போன் செய்தாள். "அப்பா போறாராமே? நீ என்னம்மா சொன்னே?"

"அவர் முடிவுன்னு சொன்னேன்."

"நான் இங்க சேரட்டுமா, இல்லை வீட்ல இருந்தே படிக்கட்டுமான்னு கேட்டப்பவும் நீ இதேதான் சொன்னே" என்றாள் மகள்.

அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். போனை வைத்த பிறகுதான் அந்தக் குரல் பாராட்டுகிற குரலாக இல்லையே என்று தோன்றியது. அதைப் பிடித்து யோசிக்க மூளை ஓடவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது, படுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை அவர் எதுவுமே கேட்கவில்லை. ஷேவ் செய்யும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தார். சரி, மனசு தெளிந்துவிட்டது போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்ததும் தட்டில் இருந்ததை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை முதல் ஆட்களாக ஜெராக்ஸ் கடைத் தம்பதி வந்தார்கள். கண்ணாடிக் கதவு போட்ட சின்னக் கடை, அதற்குள் இரண்டு மெஷின், நாள் பூராவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய பிழைப்பு. பேப்பர் சிக்கினால் சண்டை, மை தீர்ந்தால் சண்டை. அவர்கள் வந்தால் வரவேற்புப் பெண் வெளியே மின்விசிறியை வேகமாக வைத்துவிடுவாள், உள்ளே போடும் சத்தம் காத்திருப்பவர்களுக்குக் கேட்காமலிருக்க. அன்று கடைக்காரர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தார்.

"கொஞ்ச நாள் அண்ணன் வீட்ல போய் இருக்கலாம்னு பார்க்கிறேன் மேடம்" என்றார்.

மனைவி எகிறினாள். "நீ போயிடுவியா? எங்க, போய்த்தான் பாரேன்."

"ஒரு நிமிஷம்மா" என்று ஆலோசகர் கையைக் காட்டினாள். "நீன்னு ஆரம்பிச்சா குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும். நான்னு ஆரம்பிச்சுச் சொல்லிப் பாருங்க. உங்க மனசுல இருக்கறது வெளியில வரும்."

அந்த அம்மாள் கண்ணை மூடினாள். மூச்சை இழுத்தாள், விட்டாள். சொல்லிக் கொடுத்ததை ஒன்றுவிடாமல் செய்தாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள்.

"நான் இந்த ஆள் காலை உடைப்பேன்."

கீழே பல் டாக்டரின் மெஷின் ஒரு பாட்டம் ஓடி நின்றது. ஆலோசகர் சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு, வழக்கம்போல, இதைக் கேட்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கு என்று கேட்பதற்காகக் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். கேள்வி வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த மனிதர் முகம் மலர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். இவ்வளவு நேரம் தரையைப் பார்த்தவர் இப்போது பெண்சாதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிப் பேசறா பாருங்க மேடம்" என்றார். சொன்னது என்னவோ புகார்தான். ஆனால் முகத்தில் அசட்டுப் பெருமை வழிந்தது.

மிச்ச நேரத்தில் அவர்கள் என்ன பேசினார்கள், இவள் என்ன சொன்னாள் என்பது அவளுக்கே நினைவில்லை. அவள் கண்ணுக்குள் தன் வீட்டு மனிதர் நின்றார். குளிர் என்று வந்தார், பெட்டி என்று வந்தார், பயம் என்று வந்தார். ஒவ்வொரு தடவையும் கதவைத் தட்டிய மனிதரிடம், உங்க முடிவுதான் என்று சொல்லி முகத்தில் அடித்த மாதிரி சாத்தியிருக்கிறாள். அவளுக்குத் தன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஊருக்கெல்லாம் காது கொடுத்தவளுக்குத் தன் வீட்டில் ஒருவர் கெஞ்சியது கேட்கவில்லை.

தம்பதி போனதும் கணவருக்குப் போன் செய்தாள். தொடர்பு கிடைக்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் இருந்தால் எப்போதும் அப்படித்தான். வெளியே வந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"அடுத்து வர்றவங்களை வேற நாள் வரச் சொல்லும்மா. நான் கிளம்பறேன்."

வரவேற்புப் பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காய்ச்சலோடுகூட வந்து உட்கார்ந்தவள் இந்த அம்மாள். "உடம்பு சரியில்லையா மேடம்?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போச்சு."

கம்பெனிக்குப் போன் செய்து அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். பழைய அலுவலகக் கட்டடம். லிஃப்ட் கதவில் பழுது என்று எழுதிய அட்டை தொங்கியது. வேறு எப்படி இருக்கும், ஓடுகிற லிஃப்டுக்கு அவர் எதற்கு? மொட்டை மாடிக்குப் பக்கத்தில் மெஷின் ரூமில் இருக்கிறார் என்றார் காவலாளி. அவள் படியேறினாள்.

ஏறிக்கொண்டே என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். உங்ககிட்ட ஒரு உணர்வைப் பகிர்ந்துக்கணும் என்று ஆரம்பித்தாள். சீ, இது என்ன பேச்சு, யாராவது கட்டின புருஷனிடம் இப்படிப் பேசுவார்களா? நீங்க போறதுல எனக்கு ஒரு தயக்கம் இருக்கு என்று மாற்றினாள். தயக்கமாம். அதுவும் உப்புச்சப்பில்லாமல் இருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினாள். ஊரார் மூச்சையெல்லாம் சீராக்குகிறவளுக்கு நாய்க்கு இரைக்கிற மாதிரி இரைத்தது. மேல்மாடிக்கு வந்தபோது நெஞ்சில் ஒரு வார்த்தைதான் மிச்சமிருந்தது.

மெஷின் ரூம் குறுகலாக, கிரீஸ் வாசனையோடு இருந்தது. பெரிய சக்கரம் ஒன்றில் இரும்புக் கயிறுகள் தொங்கின. அவர் தனியாக, ஸ்பேனரோடு குனிந்திருந்தார். இவளைப் பார்த்ததும் பதறி நிமிர்ந்தார்.

"என்ன ஆச்சு? விடுதியில பாப்பாவுக்கு ஏதாவது..."

"போகாதீங்க."

"என்ன?"

"போகாதீங்க. எனக்குப் பிடிக்கலை. அன்னிக்கே பிடிக்கலை. அந்த வீட்ல என்னால தனியா இருக்க முடியாது. எனக்குப் பயமா இருக்கு. நீங்க போகக் கூடாது."

அவர் ஸ்பேனரைத் தரையில் வைத்தார். அழுக்குத் துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"உட்காரு முதல்ல. எப்படி இரைக்குது பாரு."

"பதில் சொல்லுங்க."

"காலையிலேயே சரின்னு சொல்லிட்டேன்."

"சாயந்திரம் வரைக்கும் நேரம் இருந்ததே?"

"இருந்துச்சு."

"அப்ப திரும்பக் கூப்பிட்டு முடியாதுன்னு சொல்லுங்க. அவங்க என்ன, உங்களைக் கேட்காம உங்க பேரைப் போட்டுட்டு..."

"அவங்க போடலை." தொண்டையைச் செருமினார். "நான்தான் கேட்டேன்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. மோட்டார் பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்தாள். "எதுக்கு?"

"நீ வேண்டாம்னு சொல்லுவேன்னு."

அவர் அவளைப் பார்க்காமல் துணியைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. "பாப்பா போனதுக்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் புரியுது, புரியுதுங்கற. நான் நேரத்தோட வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான். ஊருக்குப் போறேன்னு சொன்னாலாவது ஒரு சத்தம் போடுவியான்னு பார்த்தேன். சின்னப்பிள்ளைத்தனம்தான், எனக்கே வெட்கமா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சரி, உனக்காக விட்டேன் போன்னு பெருமையா சொல்லிட்டு மறுநாளே வாபஸ் வாங்கியிருப்பேன்."

"இப்ப வாங்குங்க. இப்பதான் சொல்லிட்டேனே."

அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. கவனிப்பதற்கு, வந்து போகட்டும் என்று விடுவதற்கு, எதற்கும் இடம் கொடுக்காமல் வந்தது. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, அவளிடம் வருகிறவர்கள் அழுவது போலவே அழுதாள். அவர் அவள் தோளைத் தொட வந்தார். கையிலிருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார்.

"வாங்கலாம். முடியாதுன்னு இல்லை" என்றார். "ஆனா நீ பெட்டியைத் துடைச்சு வெச்சே பாரு, அன்னிக்கு நான் அந்த ஊரை நினைச்சுப் பார்க்க ஆரம்பிச்சேன். அவங்க கொடுக்கற ரூம் எப்படி இருக்கும், காலையில எழுந்தா எங்க போய் டீ குடிக்கறது, அப்படி. மொதல்ல உன் மேல கோபத்துலதான் நினைச்சேன். நேத்து ஷேவ் பண்ணும்போது பார்க்கறேன், கோபமே இல்லை. போகணும்னு ஆசையா இருக்கு."

அவளுக்குக் கேட்பதற்கு ஆயிரம் கேள்வி தெரியும். எல்லாம் மறந்துபோய், ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது.

"நான் இப்படி உட்கார்ந்து அழறேன். அப்பவுமா?"

பொய் சொல்லிச் சமாளிக்கிற ஆள் இல்லை அவர். அவளைப் பார்த்தார், நிஜமாகவே யோசித்தார்.

"அப்பவும்தான்" என்றார். "அதான் எனக்கே கஷ்டமா இருக்கு."

அவர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழ் மாடியிலிருந்து யாரோ படிக்கட்டு வழியாக, லிஃப்ட் எப்ப சார் ஓடும் என்று கேட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரத்துல என்று அவர் இங்கிருந்தே குரல் கொடுத்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை.